எதிர்த் தூண்

பூங்கா மண்டபத்துக்குள் போகும்போது வீரமலை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்படிப் போனார். கடைசி நாள்வரைக்கும் அப்படியேதான் போனார்.

முதல் நாள் அவர் செய்தது தப்பு. வையம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மனுஷன். எட்டுத் தூண், நடுவில் மேடை, தலையில் ஒரு கூம்பு என்று பார்த்ததும் கோயில் என்று நினைத்துவிட்டார். செருப்பை வெளியே விட்டார், மேடையைச் சுற்றி வந்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் பூங்கா வாசலுக்கு எதிரே இருக்கிற என் சைக்கிள் கடைக்கு வந்து கேட்டார்:

"பாய், உள்ள சாமியக் காணோமே. வீதி ஒலா போயிருக்கா?"

நான் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "அங்க சாமியும் இல்ல, பூதமும் இல்ல. வெள்ளக்காரன் பேண்டு வாசிக்கக் கட்டுன எடம். போயி மொதல்ல செருப்ப மாட்டுங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றேன்.

திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். "சாமி இல்லாட்டி என்ன பாய், மண்டபம் மண்டபந்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் அவர் பூங்காக் காவல்காரராக வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. இது ஐம்பத்து மூன்றாம் வருஷம்.

மண்டபத்தைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஏதோ ஒரு ராணி உட்கார்ந்து காற்று வாங்கினாள் என்றுகூட ஒருத்தர் என் கடையிலேயே நின்றுகொண்டு சொன்னார். ராணியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் அத்தா சின்னப் பையனாக இருந்தபோது கட்டியது. அவர் கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். எட்டுப் பட்டைத் தளம், இடுப்பு உயரம். பட்டைக்கு ஒரு தூணாக எட்டுத் தூண், ஒவ்வொன்றும் ஒரே கருங்கல். தூணடியில் இரண்டு பக்கமும் ஆள் உட்காரக் கல் பலகை. கூரைக்கு மரமும் இல்லை, ஓடும் இல்லை, செங்கல்லை அடுக்கி வளைத்துச் சுண்ணாம்பு பூசியது. அதில் சேர்த்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய வாடை பூங்கா முழுக்க மாதக்கணக்கில் அடித்ததாம், எறும்பு சாரை சாரையாக வந்ததாம். உச்சியில் ஒரு தகரச் சேவல். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் அது திரும்ப வேண்டும். வைத்த வருஷமே துருப்பிடித்து இறுகிப் போய், எந்தக் காற்றுக்கும் மலைக்கோட்டையைப் பார்த்தே நிற்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் பேண்டு. துரைமார்களுக்கு மண்டபத்தைச் சுற்றி நாற்காலி, நாற்காலியைச் சுற்றிக் கயிறு, நம் ஆட்களுக்குக் கயிற்றுக்கு வெளியே புல்தரை. வெள்ளைக்காரன் போனதும் பேண்டும் போச்சு, கயிறும் போச்சு. அப்புறம் கொஞ்ச காலம் அந்த மேடையில் முனிசிபாலிட்டி ரேடியோ இருந்தது. மழையில் நனைந்து அதுவும் தொண்டை கட்டிக்கொண்டது. வீரமலை வந்தபோது மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. ஆடு படுத்திருந்தது.

ஆட்டை விரட்டினார். தளத்தைக் கழுவினார். கல் பலகையில் கரியால் எழுதியிருந்த அசிங்கத்தையெல்லாம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. கேட்டைத் திறந்து மூடினால் போதும் என்று சொல்லித்தான் வேலை கொடுத்திருந்தார்கள்.

"ஏன்ணே, கோயில் குருக்கள் மாதிரி கழுவுறீங்க. சம்பளத்த ஏத்தித் தரப்போறானா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"உங்க கடை முன்னால நீங்க தண்ணி தெளிக்கிறதில்லையா? அது மாதிரிதான்" என்பார்.

நர்சரிச் செடிகளுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீடு அவருக்குக் கொடுத்திருந்தார்கள். சம்சாரம் மயிலம்மாள். ஒரே மகள் அமிர்தம். ஊரிலிருந்து வரும்போதே அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. முகத்தில் வடு அதிகமில்லை. இடது கண்ணில் மட்டும் பூ விழுந்துவிட்டது, கருவிழிமேல் வெள்ளையாக. அந்தக் கண்ணுக்குப் பார்வை இல்லை. வலது கண் பருந்துக் கண். என் கடையில் கீழே சிதறின சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளை, நான் தடவிக்கொண்டிருக்கும்போதே அவள் பொறுக்கிக் கையில் கொடுத்துவிடுவாள்.

இப்போது அந்தத் தூண் சமாசாரத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் வீரமலை வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"பாய், பாய்! தூணு புருஷனத் திட்டுது!"

"வெயில்ல நிக்காதீங்கன்னா கேக்குறீங்களா?"

"அட வாங்க பாய்!"

நடந்தது இதுதான். அவர் வடக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். காதோரமாக ஒரு பொம்பளைக் குரல்: "உன்னயக் கட்டிக்கிட்டதுக்கு நான் கெணத்துல விழுந்திருக்கலாம்." எழுந்து தூணைச் சுற்றிப் பார்த்தார், யாருமில்லை. மறுபடி உட்கார்ந்தார். "வாயத் தொறக்குறானா பாரு, சோத்துக்கு மட்டும் தொறப்பான்." சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே, அந்தக் கோடியில் தெற்குத் தூணடியில், ஸ்ரீரங்கத்துக்குப் போகிற வழியில் இளைப்பாற வந்த புருஷனும் பெண்சாதியும் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

அவர்கள் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து நாங்கள் சோதித்துப் பார்த்தோம். அவரை வடக்குத் தூணில் நிறுத்திவிட்டு நான் தெற்குத் தூணில் வாயை ஒட்டினாற்போல் வைத்து, எனக்கே கேட்காத குரலில், "அண்ணே, காலையில காணாமப் போன உங்க பீடிக்கட்டு என் பையிலதான் இருக்கு" என்றேன்.

எதிர்த் தூணிலிருந்து வந்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காதுக்குள் உட்கார்ந்து சொன்ன மாதிரி கேட்டது.

எட்டுத் தூணிலும் பார்த்தோம். நேர் எதிர்த் தூணுக்கு மட்டும்தான் போகிறது. பக்கத்துத் தூணில் காதை வைத்தால் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தாலும் நின்றாலும் தூணை ஒட்டி இருந்தால் போதும். நடு மேடையில் நின்றால் சுத்தமாக ஒன்றும் கேட்காது, குருவிச் சத்தம்தான். உள்கூரையைப் பார்த்தால் விரித்த குடை மாதிரி இருக்கும். ஒவ்வொரு தூண் தலையிலிருந்தும் வழவழப்பான ஒரு பள்ளம் உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் எதிர்த் தூண் தலைக்கு இறங்குகிறது. பேச்சு அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டினோம். கட்டின கொத்தனார் தெரிந்து செய்தாரோ, தெரியாமல் அமைந்ததோ, அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க பாய். அப்புறம் ஊரே வந்து தூணுல வாய வெச்சு எச்சி பண்ணும்" என்றார். நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர அமிர்தத்துக்குத் தெரியும். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட அவள் வீட்டிலிருந்து வந்து, எதிர்த் தூணில் நின்று மெதுவாக "சோறு" என்பாள். அவர் திடுக்கிட்டு எழுந்து நிற்பார். ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மண்டபத்தில் பெண் பார்க்கிற வழக்கம் வந்தது. எங்கள் பக்கம் பெண் பார்ப்பது பொம்பளைகள் வீட்டுக்குள் முடிக்கிற காரியம். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. பாலக்கரையில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிறவன் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வந்தால் உட்கார இடமேது? வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் அது தெரு முழுக்கப் பரவிவிடும். கோயிலுக்குப் போனால் தெரிந்த முகம் ஆயிரம். பூங்கா என்றால் காற்று வாங்க வந்தோம், அவர்களும் வந்தார்கள், பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்துக்களும் வந்தார்கள், கிறிஸ்தவர்களும் வந்தார்கள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. இரண்டு வீட்டாரும் கல் பலகையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் கூட்டத்தோடு உட்காரமாட்டான். தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவன்போல் தள்ளி நின்று, கூரையையோ குரோட்டன்ஸ் செடியையோ பார்ப்பான். ஓரக்கண்ணால்தான் பெண்ணைப் பார்க்க வேண்டும்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்ததில்தான் வம்பு வந்தது. பாலக்கரை மரக்கடைக்காரர் ஒருத்தர் தன் மகளைக் கூட்டிவந்திருந்தார். எதிர்ப் பலகையில் மாப்பிள்ளையின் அத்தைக்காரி தூணில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். இந்தப் பக்கம் பெண் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டாள். என்ன கேட்டும் சொல்லவில்லை. பெண்ணுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா அங்கேயே அவளைத் திட்டினார்.

"பல்லு எடுப்பு, சிரிச்சா கொழந்த பயந்துடும்னு அந்தம்மா சொல்லியிருக்கு பாய்" என்றார் வீரமலை. பெண் போகும்போது அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறாள். அப்போது சொல்லியிருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னுச்சு. அதுக்குக் கேட்டுச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. இது அழுதது அதுக்குத்தான்னு இவங்க யாருக்கும் தெரியாது. என்னா எழவு மண்டபத்தக் கட்டி வெச்சிருக்கான்!"

அன்றையிலிருந்து அவர் ஆட்களை உட்கார வைக்கிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். யாராவது எதிரெதிரே உட்காரப் போனால், "அங்க ஒழுகுதுங்க, இங்க வாங்க" என்பார். வெயில் காலத்தில் ஒழுகாதே என்று யாராவது கேட்டால், "எறும்புங்க, செவ்வெறும்பு" என்பார். ஒரு வீட்டாரை வடக்கில் உட்கார வைத்தால் இன்னொரு வீட்டாரை மேற்கே தள்ளுவார். அதோடு, பெண் உட்கார்ந்திருக்கிற தூணுக்கு நேர் எதிர்த் தூணடியில் தண்ணீர் வாளியை வைத்து, துடைப்பத்தைத் தூணில் சாத்திவிடுவார். மாப்பிள்ளைப் பையனோ வேறு யாரோ அங்கே போய் நிற்காமல் இருக்க. வந்தவர்கள் இந்த ஆள் காசுக்கு அலைகிறான் என்று நினைத்தார்கள். மிக்சர் பொட்டலத்தில் மிச்சத்தைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். அதை என் கடைக்குக் கொண்டுவந்து எனக்குப் பாதி கொடுப்பார்.

"காவக்காரரா, கல்யாணத் தரகரா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்கண்ணே" என்பேன்.

"தரகன் பேச வெப்பான் பாய். நான் பேச்சு காதுல விழாமப் பாத்துக்கிறவன்" என்பார் மிக்சரை மென்றுகொண்டே.

அவர் உட்கார வைத்து எத்தனையோ கல்யாணம் நடந்தது. ஒரு கல்யாணத்துக்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அமிர்தம் பெரியவளானாள். பக்கத்துத் தெருவில் கல் பட்டறைக்குப் போனாள். நம் ஊர் வைரம் தெரியுமே, மோதிரத்துக்கும் தோட்டுக்கும் வைக்கிற பொய் வைரம், அதற்குப் பட்டை தீட்டுகிற வேலை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு கண் உள்ளவர்களைவிட ஒழுங்காகத் தீட்டினாள். ஆனால் பெண் பார்க்க வருகிறவனுக்குக் கல்லா முக்கியம்? மூன்று இடம் வந்தது. மூன்று பேரும் வீட்டு வாசலில் அவளை நேராகப் பார்த்தார்கள், காப்பியைக் குடித்தார்கள், போனார்கள்.

அறுபத்து மூன்று ஆனி மாதத்தில் தரகர் நல்லுசாமி ஒரு வரன் கொண்டுவந்தார். ஸ்ரீரங்கத்தில் வாழை இலை வியாபாரம். பையன் பெயர் தர்மராஜ். அப்பா இல்லை, அம்மா ரங்கநாயகிதான் எல்லாம். கொள்ளிடக் கரைத் தோட்டங்களிலிருந்து பையன் இலை அறுத்துக்கொண்டு வருவான், அம்மா கட்டுக் கட்டி விற்பாள். நல்ல குடும்பம்.

என் கடை வாசலில்தான் நல்லுசாமி திட்டம் போட்டார். "இந்தத் தடவ வீடு வேணாம் வீரமலை. ஒன் மண்டபத்துலயே வெச்சுக்குவோம். பொண்ண வடக்குத் தூணுல எடது பக்கம் ஒட்டுனாப்புல உக்கார வை. அவங்கள மேக்கால போடு. வலது பக்கந்தான் தெரியும். பூவ எடது பக்கமாத் தொங்கவிடச் சொல்லு, தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கச் சொல்லு. கண்ணப் பத்தி நீ வாயத் தொறக்காத, ஒன் சம்சாரமும் தொறக்கக் கூடாது. தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் என்னத்தப் பாக்குறது?" என்றேன் நான்.

"ஒங்களுக்கு இதுல என்ன பாய்? நீங்க பஞ்சரப் பாருங்க."

நல்லுசாமி போனதும் வீரமலை போகவில்லை. கடை முன்னால் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லப்போறதில்ல பாய். உக்கார வெக்கப்போறேன். அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

அவர் எழுந்து, ஓரமாகக் கிடந்த என் காற்றடிக்கிற பம்பை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். எனக்குக் கோபம்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். எனக்கும் இரண்டு இருக்கிறது.

பெண் பார்க்க வருகிற நாள் சாயங்காலம் நான் கடையை என் மச்சானிடம் விட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்துகொண்டேன். மண்டபம் கழுவி விட்டிருந்தது. தெற்குத் தூணடியில் வாளியும் துடைப்பமும் வழக்கம்போல் இருந்தன. அமிர்தம் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு மயிலம்மாளோடு வந்தாள். அவளை வடக்குத் தூணில் உட்கார வைத்தார் வீரமலை. பூவை இடது பக்கம் தொங்கவிட்டிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க வாசலுக்குப் போனார், மயிலம்மாளும் பின்னாலேயே போனாள்.

அப்போது அமிர்தம் எழுந்து போய் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துச் செடிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வந்தவர்கள் கண்ணில் துடைப்பம் படக் கூடாது என்று எடுக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ரங்கநாயகியம்மாள் நல்ல உயரம், நரைத்த கொண்டை. கூட இரண்டு பொம்பளைகள். மேற்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். வாழை இலையில் சுற்றிய பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். தர்மராஜ் வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. முறைப்படி உட்காராமல் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, வாளி இல்லாமல் காலியாக இருந்த தெற்குத் தூணில் போய்ச் சாய்ந்தான்.

வீரமலை அப்போதுதான் பார்த்தார். அவர் கண் வாளியைத் தேடியது. என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்?

"பொண்ணு கல்லுப் பட்டறையில கெட்டிக்காரி" என்று நல்லுசாமி ஆரம்பித்திருந்தார். அமிர்தம் வெட்கப்படுகிற மாதிரி முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரங்கநாயகியம்மாள்கூடச் சிரித்தாள். உதடு அசைந்ததை நானும் வீரமலையும் மட்டும்தான் பார்த்தோம்.

தெற்கில் தர்மராஜ் துள்ளி விழுந்தான். தூணைச் சுற்றிப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா." பிறகு வீரமலையிடம், "ஏங்க, இந்த மண்டபத்துல சாமி ஏதும் இருக்கா?" என்று கேட்டான். செருப்பை வேறு கழற்றிவிட்டான்.

பையன் தயங்கித் தயங்கித் திரும்பவும் தூணில் காதை வைத்தான். அமிர்தத்தின் உதடு மறுபடி அசைந்தது. அவன் மெதுவாகத் தலையைத் திருப்பி எதிரே பார்த்தான். அப்போது அவள் நிமிர்ந்தாள். பூவை எடுத்து முதுகுப் பக்கம் போட்டாள். முகத்தை நேராக அவனுக்குக் காட்டினாள், இரண்டு கண்ணையும் திறந்து, இமைக்காமல்.

முதலில் அவள் "ஏங்க" என்று மட்டும் கூப்பிட்டாளாம், அடுத்துச் சொன்னது இதுதான் என்று பிற்பாடு அவனே என்னிடம் சொன்னான்: "என் எடது கண்ணுக்குப் பார்வ இல்ல. சின்ன வயசுல அம்ம போட்டுது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருக்காங்க. வேணாம்னா நேரமாச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

மண்டபத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் அவன் தூண் பக்கம் திரும்பி, கையை வாய்க்குக் குறுக்கே வைத்து, இரண்டே வார்த்தை சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "பயந்தே போயிட்டேன்" என்றானாம்.

நேராக அம்மாவிடம் நடந்து போய்க் காதோரம் குனிந்து சொன்னான். இது தூண் வழியாகப் போகவில்லை, அதனால் எங்களுக்குக் கேட்கவில்லை. ரங்கநாயகியம்மாள் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து அமிர்தத்தின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நல்லுசாமி, "அம்மா, அது ஒரு சின்ன..." என்று இழுத்தார். அவரை அவள் திரும்பியே பார்க்கவில்லை. வீரமலையைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் எங்கள அங்க உக்கார வெச்சீங்களா?"

"ஆமாங்க" என்றார் வீரமலை. "நாந்தான் உக்கார வெச்சேன்."

"சொல்ற தைரியம் பொண்ணுக்கு இருக்கு. அப்பனுக்கு இல்ல." பூப்பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வரோங்க. சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த மண்டபத்துக்கே தெரியும். அவர்கள் போனதும் நல்லுசாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே என்னக் கூப்பிடாத" என்று கிளம்பினார். மயிலம்மாள் மகளை அடிக்கக் கை ஓங்கினாள்.

"கண்ணக் காட்டச் சொல்லி எவடி ஒனக்குச் சொன்னா! பாவி, கூடி வர்ற நேரத்துல!"

வீரமலை குறுக்கே போய்க் கையைப் பிடித்தார். மகளிடம், "ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"ஊரு பேச்செல்லாம் யாரு காதுலயும் விழாமப் பாத்துக்கிட்டீங்கப்பா. நல்ல காரியந்தான். ஆனா இது விழ வேண்டிய பேச்சு."

அவர் செடிக்குப் பின்னால் போய் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்கப்புறம் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள். மண்டபம் காலியாகக் கிடந்தது. வீரமலை கழுவுவதையும் விட்டுவிட்டார். ஆடு மறுபடி வந்து படுக்க ஆரம்பித்தது. என் கடைக்கு வந்தால் டயர்மேல் உட்காருவார், பீடி பிடிப்பார், போவார். "ஆடு படுத்திருக்குண்ணே" என்றேன் ஒரு நாள். "படுக்கட்டும் பாய். அதுவாச்சும் ஒண்ணும் பேசாது" என்றார்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஊரே காவிரிக்குப் போய்விட்டது. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மயிலம்மாளும் அமிர்தமும் அந்தப் படித்துறைக்குத்தான் போயிருந்தார்கள். கடையில் வேலையில்லை. நானும் வீரமலையோடு மண்டபத்துக்குப் போனேன். கட்டிக் கொடுத்துவிட்டுப் போன சித்ரான்னத்தை அவர் வடக்குத் தூணடியில் வெளிப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பிரித்தார். தூண் மறைவில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாய் வைத்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கையைத் தூக்கி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். நானும் அவர் தலைக்குப் பக்கத்தில் தூணில் காதை வைத்தேன்.

"...இருக்கீங்களா? நாந்தான் தர்மராஜ். நீங்க அங்க இருக்கீங்களா இல்லையான்னு தெரியல. பச்சச் சேல நுனி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு." பச்சையாகத் தெரிந்தது என் லுங்கி. "அம்மாவுக்குக் கண்ணப் பத்திக் கோவம் இல்ல. மறைச்சதுதான் கோவம். தெனம் சண்ட போட்டேன். இன்னிக்குப் படித்துறையில உங்களப் பாத்துட்டாங்க. உங்க அம்மா வழுக்கி விழப் போனப்ப நீங்க புடிச்சீங்களாம். ஒத்தக் கண்ணு வெச்சுக்கிட்டு என்னா வெரசாப் பாக்குது அந்தப் பொண்ணுன்னு சொன்னாங்க. ஆவணியில வரோம். உங்களுக்கு... உங்களுக்குச் சம்மதமா?"

வீரமலை கையில் சோறோடு என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. நான் "பேசுங்க" என்று சைகை காட்டினேன். சோற்றை விழுங்கினார். தூணில் வாயை வைத்தார்.

"அவ படித்துறையிலேருந்து இன்னும் வரல மாப்ள. நான் அவ அப்பன்."

எதிர்ப் பக்கத்தில் தடதடவென்று ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பையன் படிக்கட்டில் தடுக்கி, தான் வந்த சைக்கிளையும் சாய்த்து, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஓடியிருந்தால் என் வாடகைச் சைக்கிளைப் போட்டு நானே துரத்தியிருப்பேன். ஓடவில்லை. வந்து வீரமலை எதிரே நின்றான். அவர் தன் சித்ரான்னத்தில் பாதியை இலையில் தள்ளி, "உக்காருங்க" என்றார். எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆவணியில் ரங்கநாயகியம்மாள் வந்தாள். இந்தத் தடவை மண்டபம் கழுவியிருந்தது, ஆடு இல்லை, வாளியும் இல்லை. அந்தம்மாள் படியில் ஏறியதும் முதலில் கேட்டது, "எந்தத் தூணு?" என்பதுதான்.

வீரமலை காட்டினார். "நீங்க தெக்க நில்லுங்க. அவ வடக்க நிப்பா."

"பாய், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் என்னிடம். எங்கே தள்ளி நிற்பது என்று பார்த்து, அந்தக் காலத்தில் பேண்டு வாசித்த நடு மேடைக்கு நான் போனேன்.

அமிர்தம் தூணில் காதை வைத்தாள். ரங்கநாயகியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டையைச் சரி பண்ணிக்கொண்டு, தூணில் வாயை வைத்து வெகுநேரம் பேசினாள். இந்தப் பக்கம் அமிர்தம் ஒரு தடவை தலையாட்டினாள், ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் பேசினாள். மாமியார் தூணைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

அந்தக் கல்யாணத்தில் வீரமலையை மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் உட்கார மாட்டேன் என்று எழுந்து எழுந்து போய், வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து இப்போது ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். என் கடைக்கு வந்தால் டயர்மேல்தான் உட்காருவார்.

அன்றைக்கு மாமியாரும் மருமகளும் என்ன பேசினார்கள் என்று மயிலம்மாள் இன்றைக்கும் என்னிடம்தான் கேட்கிறாள். "நீங்க நடுவுலதானே பாய் நின்னீங்க?" என்கிறாள். நடுவில்தான் நின்றேன். எனக்குக் குருவிச் சத்தம்தான் கேட்டது.